நாய்த்தோல் ஏட்டில் என் பேர் இருக்கா?

பர்மாவின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்து நனைந்த துணி காய்வதற்குள் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. இந்த முறை வந்ததில் நாலு கடிதம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பிள்ளைகள் வளர்கிறார்கள், நாம் சொல்லி வைத்த தஜாமின் என்ற தேவராஜாவைப் பற்றியும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றியும் குறுக்குக் கேள்வி போடுகிறார்கள், என்ன பதில் சொல்வது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த நாலையும் எடுத்துக்கொண்டேன். காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சயாமாவுக்கு (டீச்சரம்மாவுக்கு) வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. நாலு வயதிலிருந்து அவனுக்குத் தஜாமின் கதை சொல்லித்தான் வளர்த்தேன். திஞ்சானுக்கு மேலோகத்திலிருந்து இறங்கி வருவார், பொன் ஏடு ஒன்றும் நாய்த்தோல் ஏடு ஒன்றும் கொண்டு வருவார், நல்ல பிள்ளைகள் பேரைப் பொன்னில் எழுதுவார், பேச்சுக் கேட்காத பிள்ளைகள் பேரை நாய்த்தோலில் எழுதுவார் என்று பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பிள்ளைகள் கேட்டு வளர்கிற அதே கதை. இந்த வருஷம் அவன் அக்காவின் போனை வாங்கிக் கணக்குப் போட்டான். "நம்ம நாட்டுல அஞ்சு கோடிக்கு மேல ஆளுங்க இருக்காங்க. தஜாமின் மூணு நாள்தான் இருப்பார். தூங்காம எழுதினாக்கூட ஒரு செகண்டுக்கு நூத்தித் தொண்ணூறு பேருக்கு மேல எழுதணும். எப்படிம்மா முடியும்?" என்றான். அவசரத்தில் "அவருக்கு உதவிக்கு ஆள் இருக்காங்கடா" என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். ராத்திரி படுக்கும்போது, "அம்மா, நாய்த்தோல்ல என் பேர் இருக்கா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. சொல்லிவிடலாமா, இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமா?
- ஒரு தாய், தாம்வே, ரங்கூன்

பதில்: அம்மா, உங்கள் பையன் பகலில் கேட்டதும் இரவில் கேட்டதும் ஒரே கேள்வி இல்லை. பகலில் கேட்டது கணக்கு. அதற்கு விடை அவனுக்கே தெரியும், அப்படி எழுத யாராலும் முடியாது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தான். இரவில் கேட்டது பயம். கணக்குப் போட்ட புத்திக்கு விஷயம் விளங்கிவிட்டது, இருட்டில் படுத்திருக்கிற பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை. எட்டு வயதில் அப்படித்தான் இருக்கும், ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்.

இரண்டு வருஷமெல்லாம் வேண்டாம். இரவுக் கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்லுங்கள். "உன் பேர் எந்த நாய்த்தோல்லயும் இல்லடா. அப்படி ஒரு ஏடே இல்லை. நீ சாப்பிடணும், படிக்கணும்னு அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மிரட்டிட்டேன். அது அம்மா செஞ்ச தப்பு." இவ்வளவு போதும். விளக்கைப் போட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உபதேசம் எதையும் பின்னால் சேர்க்காதீர்கள்.

நான் இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது, பெகுவில் இருந்தோம். திஞ்சானுக்கு முந்தின சாயங்காலம் ஓடிப் பிடித்து விளையாடும்போது பக்கத்து வீட்டு வாசலில் இருந்த பானையை உடைத்துவிட்டேன். தஜாமின்னை வரவேற்கப் புதுப் பானையில் தண்ணீர் நிறைத்துப் பூவும் தழையும் செருகி வைப்பார்களே, அந்தப் பானை. அப்பாயி பார்த்துவிட்டார். "போச்சு, தஜாமின் இறங்கும்போதே உன் பேரை நாய்த்தோல்ல எழுதிக்கிட்டுத்தான் இறங்குவார்" என்றார். நான் மூன்று நாள் வாசல் தாண்டவில்லை. தெரு முழுக்கத் தண்ணீரும் கூச்சலுமாக இருக்கிறது, நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், கூரையில் காக்கை உட்கார்ந்தால்கூட அவர்தான் வந்துவிட்டார் என்று நடுங்குகிறேன். கடைசி நாள் அந்தப் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பாட்டியே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். திஞ்சானில் சின்னவர்கள் பெரியவர்களுக்குத் தலை கழுவி விடுவது இங்கே வழக்கம், தயோ பட்டையும் கின்பூனும் ஊறவைத்த தண்ணீரில் செய்வார்கள், கின்பூன் என்பது நம் சீயக்காய்தான். அந்த நுரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். "பானைதானே, அடுத்த வருஷம் வேற வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

ஏடு என்பது பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை என்று பின்னால் தெரிந்தபோது எனக்குத் துளி வருத்தம் இல்லை. அந்தக் கதை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். வருத்தமெல்லாம் அப்பாயி மேல்தான். நான் மூட்டைக்குப் பின்னால் இருந்ததை மூன்று நாளும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "சும்மா சொன்னேன்டி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்பில் குறை வைத்தவர் இல்லை அவர், ஆனால் எனக்கு அறுபது தாண்டியும் இது மட்டும் மறக்கவில்லை.

ஆகவே கதை சொன்னதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம், மிரட்டியதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பூச்சாண்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள், இங்கே வந்து நாய்த்தோல் ஏட்டையும் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவிடமும் நல்ல பிள்ளை கெட்ட பிள்ளை என்று ஒரு பட்டியல் இருப்பதாகச் சொல்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் பெரியவர்களுக்கு அந்தப் பட்டியல்மேல் ஆசை. சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் சுலபமாக இருக்கிறதே!

இனி பகல் கேள்வி. அடுத்த தடவை கேட்டால் உதவியாள், மந்திரப் பேனா என்று புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். "நீ என்னடா நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "கதைன்னு நினைக்கிறேன்" என்றால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டுங்கள். "தெரியலையே" என்று இழுத்தால் அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கதை வேண்டியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆனால் அவன் கண்ணைப் பார்த்து "உண்மையைச் சொல்லும்மா" என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அங்கே மழுப்பினால் நாளைக்கு வேறு பெரிய விஷயங்களை உங்களிடம் கேட்க மாட்டான், தெருவில் போய்க் கேட்பான்.

பிள்ளை நொறுங்கிப் போய்விடுவான் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் ஆண்டர்சன், பிரெண்டிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோர்களிடமும் பேசி 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயது வாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள், கண்டுபிடித்தபோது பெரும்பாலும் சந்தோஷமாகவே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வருத்தப்பட்டது பெற்றோர்கள்தான். அது அந்த ஊர்ப் பிள்ளைகளின் கதை என்றாலும், நம் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுத்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் இந்த ரகசியத்தை என் காதில் வந்து சொல்லியிருக்கிறார்கள், பெருமையாகத்தான் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஏடு எழுதுவது பிள்ளைகளுக்கான கதை. ஆனால் தஜாமின் நம் அக்கம்பக்கத்தவர்களுக்குத் தேவராஜா. பகானை ஆண்ட அனவ்ரதா மன்னன் 11ஆம் நூற்றாண்டில் நாட் என்று இங்கே கும்பிடுகிற 37 தெய்வங்களை வரிசைப்படுத்தியபோது அந்த வரிசைக்குத் தலைமையாக வைத்தது இவரைத்தான் என்பார்கள். நமக்கும் அவர் அந்நியர் இல்லை, நம் இந்திரன்தான் அவர். காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் விழா எடுத்தார்களே, அதே இந்திரன். அதனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் நின்றுகொண்டு "உங்க தஜாமின் பொய்" என்று உங்கள் பையன் கத்தக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கவும் கூடாது, அவர்களும் ஒருநாள் தாங்களாகக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், அடுத்த திஞ்சானுக்கு அவனுக்கு வேலை கொடுங்கள். பிடவ் பூ பூத்ததும் ஒரு கொத்து வாங்கி வந்து, நம் வேங்கை மரத்துக்கு உறவுக்கார மரம்தான் அது, பானையில் அவனையே வைக்கச் சொல்லுங்கள். மோன்லோன்யேபோ என்ற அரிசிமாவு உருண்டை உருட்டும்போது பனைவெல்லத்தை உள்ளே வைக்கிற வேலை அவனுக்கு. பாட்டி இருந்தால் தலை கழுவி விடட்டும். ஏட்டை நம்பவில்லை என்பதற்காகத் திஞ்சானையே ஏன் விட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. தஜாமின் ஏடு எழுதுவது கதை என்று தெரிந்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. அவளோடு படிக்கிற பர்மாக்காரப் பெண் ஒருத்தி திஞ்சான் கதை சொல்லியிருக்கிறாள். ஆர்சி என்ற பிரம்மா ஒரு கணக்கு விஷயத்தில் தஜாமின்னோடு பந்தயம் கட்டித் தோற்றாராம், பந்தயப்படி தஜாமின் அவர் தலையை வெட்டினாராம், உடம்பில் யானைத் தலையை வைத்தாராம், அதுதான் பிள்ளையாராம். மகள் வந்து, "அந்தக் கதை உண்மையா, நம்ம பார்வதி கதை உண்மையா? தஜாமின் ஏடு கதைன்னா பிள்ளையாரும் கதையா?" என்று கேட்கிறாள். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன். எனக்கு வாய் அடைத்துவிட்டது.
- ஒரு தந்தை, தட்டோன்

பதில்: தம்பி, உங்களுக்கு முதலில் ஒரு சின்னக் கேள்வி. வீட்டில் பிள்ளைகளே இல்லாவிட்டால் நாய்த்தோல் ஏட்டைப் பற்றி யாரிடமாவது பேசுவீர்களா? மாட்டீர்கள். பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் பிள்ளையாருக்கு விளக்கேற்றாமல் விடுவீர்களா? அதுவும் மாட்டீர்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, அதையே அவளிடம் சொல்லுங்கள். "ஏட்டுக் கதை நாங்க உங்களுக்காகச் சொன்னது, நாங்களே அதை நம்பலை. பிள்ளையாரை அப்பா நம்புறேன். நீ இல்லாதப்பவும் கும்பிடுறேன். அப்பா உன்னை ஏமாத்துறதுக்காகக் கும்பிடலை." ஒன்பது வயதுக்கு இது நன்றாகப் புரியும். பிள்ளைகள் தேடுவது பெரியவர்கள் தங்களோடு விளையாடுகிறார்களா, மனதாரச் சொல்கிறார்களா என்பதைத்தான்.

நிறையப் பேர் இந்த இடத்தில் பயந்துபோய்க் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் ஏட்டையும் விடாமல் காப்பாற்றப் பார்க்கிறார்கள், ஒரு செங்கல்லை உருவினால் சுவரே விழுந்துவிடும் என்று. எனக்கு அது நேர் எதிராகத்தான் தோன்றுகிறது. விளையாட்டாகச் சொன்னதை விளையாட்டு என்று நீங்களே ஒத்துக்கொண்டால், மனதாரச் சொன்னதை அவள் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். இரண்டையும் ஒரே குரலில் பிடிவாதமாகச் சாதித்தால்தான் பன்னிரண்டு வயதில் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவாள்.

இரண்டு பிள்ளையார் கதையைப் பற்றிப் பதற வேண்டாம். அந்தப் பர்மாக் கதையை முழுவதும் கேட்டீர்களா? வெட்டின தலையைக் கடலில் போட்டால் கடல் வற்றிவிடும், நிலத்தில் போட்டால் நிலம் கருகிவிடும், மேலே எறிந்தால் வானம் தீப்பிடித்துவிடும், அதனால் தேவகன்னிகள் ஆளுக்கு ஒரு வருஷம் கையில் வைத்திருக்கிறார்கள், தலை கைமாறுகிற நாள்தான் புதுவருஷம். எவ்வளவு அழகான கதை! நம் கதையில் பார்வதி மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளை, வாசலில் காவல் நிற்கிறது, தெரியாமல் சிவன் வெட்டிவிடுகிறார், யானைத் தலை வந்து சேர்கிறது. இரண்டிலும் வெட்டுப்பட்டவர் யானைத் தலையோடு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பர்மாக்காரர்கள் மகாபெய்ன்னே என்று கும்பிடுவதும் இவரைத்தான். "அவங்க வீட்டுல அப்படிச் சொல்றாங்க, நம்ம வீட்டுல இப்படிச் சொல்றோம், ரெண்டு பேரும் ஒரே சாமியைத்தான் கும்பிடுறோம்" என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் தோழியையும் வீட்டுக்கு அழைத்து இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே உட்காரவைத்து இரண்டு கதையையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கொழுக்கட்டை கொடுங்கள்.

அவள் இன்னும் ஐந்தாறு வருஷம் கழித்து, எனக்கு நம்பிக்கை இல்லை அப்பா என்று வந்து நின்றாலும் நிற்கலாம். அப்போது இன்றைக்கு நீங்கள் நேர்மையாகப் பேசியது நினைவிருக்கும், சண்டை போடாமல் பேசுவாள். இப்போதே அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: என் பேரனுக்குப் பதினொன்று முடியப் போகிறது. இன்னும் கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாக வருகிறார் என்கிறான். கூட விளையாடுகிற பையன்கள் சிரிக்கிறார்கள். அவன் அம்மா, குழந்தை மனசு, கெடுக்காதீங்க மாமா என்கிறாள். நான் என்ன செய்ய?
- ஒரு தாத்தா, இன்செயின்

பதில்: ஐயா, மருமகளிடம் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு பேரனிடம் சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் சொல்வது நல்லது. இந்த விஷயத்தில் அதிகம் காயப்படுகிற பிள்ளைகள் யாரென்றால், வயது ஏறிய பிறகு, நாலு பேர் நடுவில், சட்டென்று, அதுவும் வெளியாள் வாயால் தெரிந்துகொள்கிற பிள்ளைகள்தான். உங்கள் பேரன் அந்த ஆபத்தில் இருக்கிறான். தனியாக ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துப் போங்கள், பாலாடை போட்டு ஒரு டீயும் நான் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள். ஒருவேளை "தெரியும் தாத்தா, அம்மா சந்தோஷப்படுறாங்கன்னு சும்மா இருந்தேன்" என்று சொன்னாலும் சொல்வான். அப்படி நம்பாமலே நம்புகிற மாதிரி இருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அவனைவிட அவன் அம்மாவிடம்தான் நீங்கள் அதிக நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பிள்ளை பெரியவனாகிறான் என்கிற துக்கம் அவளுக்கு, அதையும் சிரித்து ஒதுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஐந்து. வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை செய்கிறார், நாலு வருஷமாக ஊருக்கு வர முடியவில்லை. அவர் அனுப்புகிற பணத்தில்தான் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் இரண்டு பேருக்கும் ஏதாவது வாங்கி, தாத்தா கொண்டுவந்தார் என்று தலைமாட்டில் வைப்பேன். போன டிசம்பரில் கேரல் பாட வந்த கூட்டத்தில் தாத்தா வேஷம் போட்டவரின் பஞ்சுத் தாடியில் வெற்றிலைக் கறை இருந்ததாம், அது எங்கள் தெரு மாமா என்று பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. பரிசுப் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்து என் எழுத்து என்றும் கண்டுபிடித்தாள். நான் ஒத்துக்கொண்டேன். அப்போது அவள், "அப்படின்னா எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்ததா? நாலு வருஷமா அப்பா எனக்கு ஒண்ணுமே அனுப்பலைன்னு நெனச்சேன்" என்று விம்மி விம்மி அழுதாள். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோபம் வந்தால் தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன் என்கிறாள். நாலு மாதம் ஆகியும் ஆறவில்லை.
- ஒரு தாய், மோல்மேன்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் தாத்தா இல்லை என்பதற்காக அழவில்லை. நாலு வருஷம் அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த நாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுதிருக்கிறாள். நீங்கள் ஆசையாகத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும், தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியாவது வீடு கலகலப்பாக இருக்கட்டும் என்று. ஆனாலும் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை அவளிடமே சொல்லுங்கள். "உனக்கு அப்பா ஞாபகம் வரும்போதெல்லாம் நீ இப்படி நெனச்சுக்கிட்டிருந்தேன்னு அம்மாவுக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." அவள் உடனே வந்து கட்டிக்கொள்ள மாட்டாள். பத்து வயதுக் கோபம் கொஞ்சம் வைராக்கியமானது, விட்டுப் பிடியுங்கள்.

பரிசு ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து அதன் கணக்கைச் சொல்லுங்கள். எந்த வருஷம், அப்பா என்ன சொன்னார், எந்தக் கடையில் வாங்கினீர்கள், கேட்டது கிடைக்காமல் வேறு எதை வாங்கினீர்கள், அனுப்பிய பணம் எத்தனை நாள் கழித்துக் கைக்கு வந்தது, எல்லாம். பொம்மை உடைந்துபோயிருந்தாலும் அதன் கதையைச் சொல்லுங்கள். அவளுக்கு இப்போது வேண்டியது அந்த விவரங்கள்தான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரில் வந்த நாலு வருஷத்துப் பரிசையும் அப்பா பெயருக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கிறது அவளுக்கு.

பிறகு ஒருநாள் அவளுக்குப் புனித நிக்கோலாஸைப் பற்றிச் சொல்லுங்கள். தாத்தா வேஷத்துக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான், நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர், அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. 1087இல் அவருடைய எலும்புகளை இத்தாலியில் பாரி என்ற நகரத்துக்குக் கொண்டு போனார்கள், இன்றும் அங்கே அவர் பெயரில் கோயில் இருக்கிறது, டிசம்பர் 6 அவர் திருநாள். அவரைப் பற்றிச் சொல்கிற கதைகளில் ஒன்று நமக்கு நன்றாகப் புரியும். மூன்று பெண்களைப் பெற்று, சீதனம் கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு ஏழைத் தகப்பன் வீட்டில், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன்னை உள்ளே போட்டுவிட்டுப் போனாராம். கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதுதான் அவர் ஆசை. உங்கள் வீட்டுக்காரர் நாலு வருஷமாகச் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இதை முதல் நாளே சொல்லி அவள் அழுகையை அடக்கப் பார்க்காதீர்கள், கோபம் ஆறின பிறகு சொல்கிற கதை இது.

தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன் என்பதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கையில் இப்போது இருக்கிற ஒரே ஆயுதம் அது. "சொல்லாதே" என்று கட்டளை போடாமல், "அவளுக்கு எப்போ சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு நீயும் அம்மாவும் சேர்ந்து யோசிப்போமா? உனக்கு நடந்த மாதிரி அவளுக்கு நடக்க வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். வரப்போகிற கிறிஸ்துமசுக்குச் சின்னவளுக்கு என்ன வாங்கலாம் என்பதை அவளிடமே விடுங்கள், பொட்டலம் கட்டுகிற வேலையும் அவளுக்கு, மேலே எழுதுவதும் அவள் கையெழுத்து. ஒன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் தாத்தா ஒரு சின்னப் பொருள் கொண்டு வரட்டும், மிட்டாயோ ரிப்பனோ போதும். நல்ல பரிசு எதுவோ அது அப்பா பெயரில் வரட்டும், சின்னவளுக்கும் சேர்த்துத்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அப்பா அனுப்பினார் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தூரத்தில் இருப்பவர் வருத்தப்படுவார் என்று மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். மலேசியாவில் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டால் அவருக்குச் சாப்பாட்டு நேரமாக இருக்கும், ஆறுதலாகப் பேசலாம். சின்னவளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுப் போனைப் பெரியவள் கையில் கொடுங்கள். நீங்களும் அடுப்படிக்குப் போய்விடுங்கள். பொம்மையைக் காட்டுவாளோ, சண்டை போடுவாளோ, ஒன்றுமே பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளோ, அது அவளும் அவள் அப்பாவும் பார்த்துக்கொள்ள வேண்டியது. முடிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.